பெட்டியைக் கழற்றுங்கள் சாமி!

ஊர் சுற்றும் பைக்குக்கு இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டுவது இப்போது ஒரு சடங்காகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை மாதிரி. வண்டி 150 சிசியா 400 சிசியா, போகிற இடம் ஏலகிரியா லடாக்கா, கொண்டு போகிற சாமான் நாலு டி-ஷர்ட்டும் ஒரு லுங்கியும்தானா... எதுவும் கணக்கில் இல்லை. பெட்டி மாட்டியாக வேண்டும். மாட்டினால்தான் அவர் 'டூரர்'. மாட்டாதவர் ஏதோ தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்!

ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். காசு சம்பந்தப்பட்டது என்றால் கூட, அவரவர் அப்பா காசு, அவரவர் பாடு. இது முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு சம்பந்தப்பட்டது. அதனால்தான் இவ்வளவு கத்தல்.

விஷயம் இவ்வளவுதான். நாலு நாள், ஆறு நாள், மிஞ்சினால் பத்து நாள் பயணம். ஓட்டுவது 100 சிசியிலிருந்து 450 சிசிக்குள் ஒரு வண்டி. ராத்திரி தூங்குவது லாட்ஜில். இந்த மூன்றும் பொருந்துகிற யாருக்கும் இரும்புப் பெட்டியோ அலுமினியப் பெட்டியோ தேவையில்லை. துணிப்பை போதும். 'போதும்' என்பது கூடக் குறைத்துச் சொல்வது. துணிப்பைதான் சரி, பெட்டி தப்பு.

(துணிப்பை என்றதும் கல்யாண வீட்டு மஞ்சப்பை ஞாபகம் வந்தால் தப்பில்லை :-) இங்கே பேசுவது சேடில் பேக், டெய்ல் பேக், டேங்க் பேக் என்ற பெயர்களில் கடையில் கிடைக்கும் தடித்த நைலான் பைகளைப் பற்றி.)

பெட்டி மோகம் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போனால் பெரும்பாலும் 2004-ல் போய் நிற்கும். ஈவன் மெக்ரெகர், சார்லி பூர்மன் என்ற இரண்டு நடிகர்கள் அந்த வருஷம் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி, ரஷ்யா, மங்கோலியா, சைபீரியா வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 'லாங் வே ரவுண்ட்' என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஓட்டியது பிஎம்டபிள்யூவின் 1150 சிசி வண்டி, இரண்டு பக்கமும் பெட்டி. பார்த்தவர்கள் மனசில் பெட்டி ஒட்டிக்கொண்டது. தனி வண்டிகளில் வந்த உதவிக் குழு ஒட்டவில்லை. மங்கோலியச் சேற்றில் அந்த வண்டிகள் சரிந்து சரிந்து விழுந்ததும், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தியதும் ஒட்டவில்லை. கூடப் போன ஒளிப்பதிவாளரின் வண்டி அங்கேயே படுத்துவிட, அவர் ஒரு சாதாரண ரஷ்ய வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு போனதும் ஒட்டவில்லை. பெட்டி மட்டும்தான் ஒட்டியது.

பெட்டிக் கட்சிக்காரர்களிடம் இதைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கே அது தெரியாது. எல்ஸ்பெத் பியர்ட் என்ற பிரிட்டிஷ் பெண் 1982-ல் கிளம்பி இரண்டு வருஷத்துக்கு மேல் உலகம் சுற்றினார். 600 சிசி பழைய பிஎம்டபிள்யூ. வழியில் சிட்னியில் தங்கி வேலை பார்த்தபோது பூட்டுகிற மாதிரி அலுமினியப் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து மாட்டிக்கொண்டார். அவருக்கு அது நியாயம். வண்டிதான் வீடு, வீட்டுக்குக் கதவும் பூட்டும் வேண்டும். தங்குமிடம் நிச்சயமில்லாமல் தேசம் தேசமாகப் போகிறவர் பெட்டி மாட்டுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி தாம்பரம் தாண்டி, ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுகிறவருக்கு எதற்கு நடமாடும் வீடு?

காலுக்கு வருவோம்.

வேகமாகப் போய் விழுவது வேறு கதை. பெட்டி காலை உடைப்பது பெரும்பாலும் வேகம் இல்லாத இடத்தில்தான். மணல், சேறு, உருட்டுக் கல், ஈரமான செம்மண் மேடு. வண்டி நடை வேகத்தில் போகிறது, முன்சக்கரம் லேசாக வழுக்குகிறது. ஓட்டுகிறவர் என்ன செய்வார்? யோசிக்காமல் காலை ஊன்றுவார். சைக்கிள் கற்றுக்கொண்ட நாளிலிருந்து உடம்புக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. ஊன்றிய கால் தரையில் நிற்கும், வண்டி முன்னால் நகரும். இப்போது காலுக்கு நேர் பின்னால் வருவது என்ன? பெட்டியின் முன்முனை. கெண்டைக்காலில் வந்து முட்டும். கால் பின்னால் போகவும் இடமில்லை, பக்கவாட்டில் போகவும் இடமில்லை. பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிய காலின் மேல், ஆளும் சாமானும் சேர்ந்த 250, 300 கிலோ மெதுவாகச் சாய்கிறது. கணுக்கால், முன்னங்கால் எலும்பு இரண்டும் இப்படி முறிவது மண் பாதையில் ஓட்டுகிறவர்கள் மத்தியில் புதுச் செய்தியே இல்லை.

துணிப்பை அங்கே என்ன செய்யும்? அமுங்கும். நசுங்கும். காலோடு சேர்ந்து மடங்கும். அதற்காகத் துணிப்பை மாட்டினால் காலே உடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பைக்குள் வெளிப்பக்கமாக ஸ்பானர் செட்டையும் ஸ்டவ்வையும் வைத்துக் கட்டினால் அதுவும் ஒரு பெட்டிதான், ஓரம் வைத்துத் தைத்த பெட்டி. கனமான சாமான் வண்டியை ஒட்டி உள்ளே, துணி வெளியே. அதுவும் கணுக்காலை மூடுகிற ஷூவும் இருந்தால் பாதிக் காப்பாற்றும். செருப்புப் போட்டு ஓட்டுகிறவருக்கு எந்தப் பையும் உதவாது.

அகலம் இன்னொரு தொல்லை. இரண்டு பெட்டியும் மாட்டிய வண்டியின் பின்பக்கம் பல நேரம் ஹேண்டில்பாரை விட அகலமாக இருக்கும். ஹேண்டில் நுழைந்த இடத்தில் வண்டி நுழையும் என்பது எல்லோருக்கும் ஊறிப்போன கணக்கு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே அரசுப் பேருந்து வளைவை முழுசாக எடுத்துக்கொண்டு இறங்கும்போது அந்தக் கணக்குத் தப்பினால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் இப்படி 70 வளைவு.

அடுத்தது எடை. இங்கேதான் யாரும் கணக்குப் போடுவதில்லை, பொறியியல் படிக்கிற பிள்ளைகள் உட்பட.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மொத்தச் சுமை எல்லை உண்டு. வண்டியோடு வருகிற கையேட்டில் இருக்கும். (அதை யார் பிரித்தார்கள்?) அந்த எல்லையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிச்சம்தான் ஆளுக்கும் சாமானுக்கும். நம்ம ஊர் 100, 150 சிசி வண்டிகள் பலவற்றில் இந்த மிச்சம் சுமார் 130-லிருந்து 150 கிலோ. ஓட்டுகிறவர் 70 கிலோ. பின்னால் நண்பர் 60 கிலோ. 130 ஆயிற்றா? ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழெட்டு கிலோ. ஆக, சில வண்டிகளில் ஒரு பனியன் வைப்பதற்கு முன்னாலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. இன்னும் சிலவற்றில் பத்துப் பன்னிரண்டு கிலோ மிச்சம்.

இப்போது பெட்டி. ஒரு அலுமினியப் பெட்டி காலியாகவே நாலைந்து கிலோ. இரண்டு பெட்டி, அதைத் தாங்க ஒரு இரும்புச் சட்டம், நட்டு போல்ட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 15 கிலோ. உள்ளே ஒன்றுமே இல்லாமல்! ஒரு ஜோடி துணி சேடில் பேக் மூன்றிலிருந்து ஐந்து கிலோவுக்குள் அடங்கும். அந்தப் பத்து கிலோ வித்தியாசம்தான் ஒருவர் ஒரு வாரத்துக்குக் கொண்டு போகிற மொத்தச் சாமானின் எடை. பெட்டி மாட்டியவர் இரண்டு பேர் சாமானைச் சுமக்கிறார், ஒன்று அவருடையது, இன்னொன்று காற்று.

எடை எவ்வளவு என்பதை விட எங்கே என்பது முக்கியம். ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் இரண்டு அச்சுக்கும் இடையே 1.3 மீட்டர். பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால், வால் பக்கம், 20 கிலோ வைத்தால் என்ன ஆகும்? பின்சக்கரத்தில் 20 கிலோ ஏறும் என்றுதான் தோன்றும். ஏறுவது 24.6 கிலோ. அந்த அதிகப்படி 4.6 கிலோ முன்சக்கரத்திலிருந்து கழிந்து வருகிறது. சீசா மாதிரிதான். முன்சக்கரம் லேசாகிறது, ஹேண்டில் மிதக்கிறது. மேடேறும்போதும் பக்கக் காற்றிலும் வண்டி மீன் மாதிரி வாலாட்டுகிறது. உடனே 'இந்த வண்டி ஹைவேக்கு லாயக்கில்லை' என்று வண்டிக்குக் கெட்ட பெயர். பெட்டிகளின் கனம் பெரும்பாலும் அச்சுக்கு நேராகவோ அதற்குப் பின்னாலோதான் உட்காரும், மேலே ஒரு டாப் பாக்ஸும் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் எந்தக் கணக்கும் போடாமல் தெரிந்து வைத்திருக்கிற ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவர். 1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து காய்கறி, பால் கேன், கோழி, ஜவுளி மூட்டை, கேஸ் சிலிண்டர் என்று அந்தப் பரம்பரை ஏற்றாத சாமான் கிடையாது. கனமான மூட்டையை அவர் எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். காலுக்கு நடுவில், முன்பக்க இடைவெளியில். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, தரைக்குக் கிட்டே. லேசான சாமான்தான் பின்னால் போகும். பக்கவாட்டில் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் சமம். கட்டுவது எதில்? பழைய சைக்கிள் டியூபை நீளமாக அறுத்த பட்டையில். அது துணியைக் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. மூட்டை ஆடினால் உடனே இறங்கி இறுக்குவார். அவர் எடை எல்லையை மதிக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது வேறு. ஆனால் மென்மையான மூட்டை, நடுவில் கனம், இறுக்கமான கட்டு என்ற மூன்றும் அவரிடம் இருக்கிறது. இதே பாடத்தை வெளிநாட்டுக் கம்பெனி க்ரீகா என்றும் மோஸ்கோ மோட்டோ என்றும் பெயர் போட்டு விற்றால் நம்ம பசங்க கும்பிட்டு வாங்குகிறார்கள். எக்ஸ்எல்காரரைப் பார்த்தால் சிரிப்பு.

எத்தனை லிட்டர் பை வாங்குவது? கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வியே இதுதான், அதுவே தப்பான கேள்வி. முதலில் சாமானைத் தரையில் பரப்ப வேண்டும், பிறகுதான் பை. இரண்டு மாற்று உடை, லுங்கி, துண்டு, குளிருக்கு ஒரு உடுப்பு, மழைக் கோட்டு, டூல்ஸ், பஞ்சர் கிட், சார்ஜர், மருந்து. ஐந்து நாளுக்கும் இதுதான், பத்து நாளுக்கும் இதுதான். நடுவில் ஒருநாள் துவைத்துக் காயப்போட வேண்டும், அவ்வளவே. ஒருவருக்கு 30 லிட்டர் தாராளம். இரண்டு பேருக்கு 50. பெரிய பை வாங்கினால் அதன் காலி இடம் மனசை அரிக்கும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு ஜீன்ஸ், இன்னொரு ஷூ, ஒரு கேட்டில்... கடைசியில் அதை எல்லாம் லே வரைக்கும் சுமந்து போய், பிரிக்காமல் திருப்பிக் கொண்டு வருவார்கள். பைகளும் பெட்டிகளும் லிட்டரில் விற்கப்படுகின்றன, வண்டி சுமப்பது கிலோவில்.

தனியாகப் போகிறவருக்கு மிக எளிய வழி, பின் சீட்டின் மேல் குறுக்காக ஒரு டெய்ல் பேக். பின்னால் கேரியரில் இல்லை, சீட்டின் மேல், முதுகுக்கு ஒட்டி. கனம் முன்னால் வரும், ராத்திரி ஒரே தூக்கில் ரூமுக்கு எடுத்துப் போகலாம். பின்னால் ஆள் இருந்தால்தான் சேடில் பேக் தேவைப்படும். அதில்தான் நம்ம ஊர் வண்டிக்கென்று சில வில்லங்கங்கள் இருக்கின்றன, வெளிநாட்டு வீடியோக்களில் அவை வராது.

ஒன்று சாரி கார்டு. பின்னால் உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு வேண்டும் என்பது இந்திய மோட்டார் வாகன விதி. வண்டி வாங்கிய மறுநாளே பசங்க முதலில் கழற்றி எறிவது அதைத்தான், அழகு கெடுகிறதாம். சேடில் பேக்குக்கு இடது பக்கம் அதைவிட நல்ல தாங்கல் கிடையாது. அது இல்லாத வண்டியில் பை உள்ளே சாய்ந்து செயினையோ ஸ்போக்கையோ தொடும். நைலான் பட்டை ஒன்று பின்சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பையைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

வலது பக்கம் சைலன்சர். நைலான் உருகுவதற்கு வகையைப் பொறுத்து 220-லிருந்து 260 டிகிரி வரை வேண்டும், பிவிசி பூசிய துணியோ 80 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். 'வெறுமனே தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது' என்று கிளம்பியவர்களின் பைகளில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுவது சகஜம். பைக்குள் இருந்த ஜட்டி வரைக்கும் கருகிய கதைகள் உண்டு. மேல்நோக்கித் தூக்கிய சைலன்சர் உள்ள வண்டி என்றால் வலது பக்கப் பை தூக்கலாக உட்கார வேண்டும், நடுவில் காற்றுப் போக நாலு விரல் இடமாவது வேண்டும். வெறும் வண்டியில் பார்த்தால் இடம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆள் ஏறி, பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நண்பர்களைப் பின்னால் அமுக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவு: இரண்டு டீ.

அப்புறம் இந்த 'வாட்டர்ப்ரூஃப்' என்ற புளுகு. தைத்த பை எதுவும் தண்ணீர் புகாத பை ஆகாது. ஒவ்வொரு தையலும் ஊசி போட்ட ஓட்டைகளின் வரிசை. உள்ளே பூச்சு இருந்தாலும், ஜிப் வழியாக இறங்கும், தையல் வழியாகக் கசியும். அதற்காகத்தான் மழை உறை என்று மெல்லிசாக ஒரு சட்டை தருகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது பலூன் மாதிரி உப்பும். ஒன்று பறந்து போகும், இல்லையென்றால் அடியில் குளம் கட்டும், பை அந்தக் குளத்தில் ஊறும். ஜூலை மாதத்து வால்பாறை மழையிலோ ஐப்பசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ அந்த உறையை நம்பிப் போனவர் ராத்திரி லாட்ஜில் ஃபேனுக்கு அடியில் ஜட்டி காயப்போட்டுக் காத்திருப்பார்.

உண்மையிலேயே தண்ணீர் புகாதது வேறு வகை. தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய மூட்டு, ஜிப் இல்லாமல் வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்டுவது. அந்த மாதிரிப் பை விலை கூடுதல். பணம் இல்லையா? சாதாரணப் பையே போதும். உள்ளே தடித்த பாலிதீன் உறையில் துணியைப் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டிவிட்டால் பை நனையும், துணி நனையாது. லடாக் போகிறவர்களுக்கும் இதேதான். பாராலாச்சா பக்கம் பனி உருகி மதியத்துக்கு மேல் நாலாக்களில் தண்ணீர் ஏறும்போது சேடில் பேக்கின் அடிப்பாகம் நேராகத் தண்ணீருக்குள் போகும்.

லாரிப் பேட்டை இருக்கிற ஊரில், நாமக்கல் சங்ககிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் அளவு சொல்லி ஒரு சுருட்டு வாய்ப் பை கேட்டுப் பார்க்கலாம். லோகோ இருக்காது. மழையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நெல்லும் சிமெண்டும் நனையாமல் போகிற அதே துணி, அதே கை.

துணியின் தடிமனை 'டெனியர்' என்று போட்டு விற்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. 1000 டெனியர் நைலான் தாரில் உரசினால் தாங்கும். ஆனால் பை பெரும்பாலும் கிழிவது துணியில் இல்லை, பட்டை வந்து சேருகிற தையலில். கடையில் எண்ணைப் படிப்பதை விட்டுவிட்டு, பட்டையைப் பிடித்து ஓங்கி இழுத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். வியாடெர்ரா, ரைனாக்ஸ் என்று நம்ம நாட்டிலேயே ஒழுங்காகத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜோடி அலுமினியப் பெட்டியும் சட்டமும் 30,000 ரூபாயை ஒட்டி வரும் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கில் இந்த வேலை முடிந்துவிடும்.

பெட்டிக்காரர்களின் கடைசி ஆயுதம் பூட்டு. 'துணிப்பையைக் கத்தியால் கிழித்தால்?' கிழிக்கலாம்தான். பெட்டியின் பூட்டும் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவருக்கு மேல் தாங்காது. பூட்டு இருந்தால் உள்ளே என்னமோ இருக்கிறது என்று அதுவே ஊருக்குச் சொல்கிறது. பணம், போன், கேமரா எல்லாம் டேங்க் பேக்கில் இருந்தால் டீக்கடைக்கும் கையோடு வரும். ராத்திரி மொத்தப் பையும் ரூமுக்கு வரும். மிச்சமிருப்பது அழுக்குத் துணி, அதைத் திருடுகிறவருக்கு ஒரு கும்பிடு. வால்பாறையிலும் கொடைக்கானலிலும் உண்மையான திருடன் குரங்குதான், அதற்கு ஜிப் திறக்கத் தெரியும். ஆனால் அது கேட்பது பிஸ்கட். தின்பண்டத்தைப் பையில் வைக்காதிருந்தால் முடிந்தது.

பெட்டியும் வேண்டாம் பையும் வேண்டாம் என்று காலேஜ் பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒரு தனி ஜாதி. இருநூறாவது கிலோமீட்டரில் தோள் கழன்றுவிடும். விழுந்தால் முதுகெலும்புக்கு அடியில் லேப்டாப் சார்ஜர். அந்தப் பத்து கிலோவை வண்டி சுமக்கட்டும், வண்டிக்கு முதுகுவலி வராது.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு பற்றியும் சொல்லியாக வேண்டும். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் பங்கு வாசலில் தொங்கும் அதே பல வண்ணக் கயிறு. இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேராக முகத்துக்கு வரும். கண் போனவர்கள் இருக்கிறார்கள். மருத்துவ இதழ்களில் இதற்கென்றே கட்டுரைகள் உண்டு. ஓடும்போது நழுவினால் சக்கரத்துக்குப் போகும். பையை அது பிடிப்பதும் இல்லை. ரப்பர் என்பதால் பள்ளத்துக்குப் பள்ளம் நீண்டு பையை நகர விடுகிறது. நீளாத நைலான் பட்டையும் பற்களால் கவ்வும் பக்கிளும் உள்ள கட்டுதான் வேண்டும். கிடைக்காவிட்டால் எக்ஸ்எல்காரரின் டியூப் பட்டை. அது நீண்டாலும் பையைக் கவ்வும், அதில் கொக்கி இல்லை.

பட்டை எதுவானாலும் வண்டியில் எங்கே கட்டுகிறோம் என்பது இருக்கிறது. இண்டிகேட்டரில் கட்டுகிறவர்கள், நம்பர் பிளேட்டில் கட்டுகிறவர்கள், பிளாஸ்டிக் மூடியில் கட்டுகிறவர்கள் என்று விதவிதமாக உண்டு. இரும்பில் கட்ட வேண்டும். பின்பக்கக் கைப்பிடி, சீட்டுக்கு அடியில் இருக்கும் சட்டம், பின் ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் கம்பி. முன்னால் இழுக்கிற கட்டு இரண்டு, பின்னால் இழுக்கிற கட்டு இரண்டு. பிரேக் அடித்தால் பை முன்னால் வரக்கூடாது, பள்ளத்தில் குதித்தால் பின்னால் போகக்கூடாது. மிஞ்சித் தொங்கும் வாலைச் சுருட்டிச் செருகிவிட வேண்டும்.

கிளம்புகிற அன்று காலையில் முதன்முதலாகக் கட்டிப் பார்ப்பது மகா மோசமான வழக்கம். நாலு நாள் முன்னாடியே எல்லாச் சாமானையும் வைத்துக் கட்டி, ஊருக்கு வெளியே குண்டும் குழியுமான ரோட்டில் 30 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் எது நழுவுகிறது, எது சுடுகிறது, ஹேண்டில் மிதக்கிறதா என்று தெரிந்துவிடும். மிதந்தால் டெய்ல் பேக்கை ஒரு சாண் முன்னால் இழுக்க வேண்டும். டயர் காற்றைச் சுமைக்கு ஏற்றபடி ஏற்ற வேண்டும், அளவு கையேட்டிலேயே இருக்கிறது. பயணம் போகிற அன்றும் முதல் டீ இருபதாவது கிலோமீட்டரிலேயே குடிக்க வேண்டியதுதான். துணி அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும், இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுக் கிளம்பலாம்.